நிறுத்தாத எஞ்சின்

சின்னப் பழைய கார் வைத்திருப்பதில் ஒரு தனிச் சுகம் உண்டு. அளவெட்டியில் மனைவியின் அண்ணன் வீட்டு வாசலில் அதை அனுபவித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தாத எஞ்சினில் ஸ்டீரிங் உள்ளங்கைக்குள் நடுங்க, அப்பா நினைவுக்கு வந்தார்.

போர்க்காலத்தில் பெற்றோல் இல்லை. இதே கார் மண்ணெண்ணெயில் ஓடியது. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல் விடுவோம். கோயில் உடுப்பிலும் புகை மணக்கும். அம்மாவின் அண்ணன் வீட்டுக்குப் போனால் அப்பா இறங்கவே மாட்டார்.

"நிப்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் வராது, மச்சான்!"

மாமாவின் அரசியல் பேச்சு வாசல் படலையோடு முடிந்துவிடும்.

"இறங்குங்கோவன்," என்றாள் மனைவி.

"நிப்பாட்டினால் திரும்ப ஸ்ரார்ட் வராது," என்றேன் கம்பீரமாக.

பின்சீற்றிலிருந்த அம்மா சிரித்தார்.

"உன்ரை அப்பரும் உப்பிடித்தான் சொன்னவர். தன்ரை அக்கா வீட்டை போனால் மட்டும் எத்தினைதரம் நிப்பாட்டினாலும் ஸ்ரார்ட் வரும்."

மனைவி கையை நீட்டிச் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினாள்.