ஹெல்சிங்கியிலிருந்து லிஸ்பன் எவ்வளவு தூரம்?

போன வாரம் இந்தப் பத்தியில் உங்களைக் காணோமே, எங்கே போனீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அதுவும் கடல் தாண்டி!

இங்கே நியூஜெர்சியில், ஐசலின் ஊர் இந்தியக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது என் மகள் ஷாரன் கூப்பிட்டாள். காலேஜில் ஒரு செமஸ்டர் படிக்க லிஸ்பன் போயிருக்கிறாள்.

"மா, டோன்ட் பேனிக்... அப்பெண்டிக்ஸ். சர்ஜரி டுநைட்."

பேனிக் ஆகாமல்? எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் காருக்கு ஓடினேன். எனக்கும் என் கணவருக்கும் மறுநாள் மாலைக்குத்தான் டிக்கெட் கிடைத்தது. அதுவரை? பிள்ளை கண் விழிக்கும்போது பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று வேண்டாமா?

சட்டென்று பியூலா அக்கா ஞாபகம் வந்தது. என் பெரியம்மா மகள். ஹெல்சிங்கியில் நர்ஸ். கிறிஸ்துமஸுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டார் படம் அனுப்பிக்கொள்வோம்... எங்கள் உறவு அவ்வளவுதான்.

"அக்கா, நீங்க பக்கத்துலதானே இருக்கீங்க? ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன், ப்ளீஸ்!" போனிலேயே அழுதேன்.

அந்தப் பக்கம் ஏதோ தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"அழாதட்டி. ஆஸ்பத்திரி பேரை அனுப்பு. நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது ஷாரனிடமிருந்து வீடியோ கால். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருந்தது. முகம் வெளிறியிருந்தாலும் சிரித்தாள்.

"மா! பெரியம்மா இஸ் ஹியர்!"

பின்னால் பியூலா அக்கா. கோட்டைக்கூடக் கழற்றாமல் அவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார். அப்பாடா!

"பாத்தீங்களா? சொந்தக்காரங்க பக்கத்துல இருந்தா எவ்வளவு வசதி!" என்றேன் கணவரிடம், பெருமையாக.

பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எது பக்கம்?"

போனில் தட்டி என்னிடம் நீட்டினார். ஹெல்சிங்கி – லிஸ்பன். நேர் ஃபிளைட்டிலேயே ஏறக்குறைய ஐந்து மணி நேரம்! இரண்டாயிரம் மைலுக்கும் மேல்! மேப்பில் ஒரு ஊர் ஐரோப்பாவின் வடக்குக் கோடியில். இன்னொன்று தென்மேற்கு மூலையில், இன்னும் கொஞ்சம் தள்ளினால் கடலில் விழுந்துவிடும் போல.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். நியூஜெர்சியிலிருந்து ஹூஸ்டன்கூட இதைவிடப் பக்கம்! ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, ஒரு எட்டு பார்த்துவிட்டு வா என்று சென்னையிலிருந்து யாராவது சொன்னால் நான் என்ன கத்து கத்துவேன்? டூர் போன நண்பர்கள் காலையில் ஒரு நாடு, மாலையில் ஒரு நாடு என்று போட்டோ போடுவதைப் பார்த்துப் பார்த்து, மொத்த ஐரோப்பாவையும் நம் ஐசலின் கடைத்தெருவான ஓக் ட்ரீ ரோடு அளவுக்குச் சுருக்கி வைத்திருந்திருக்கிறேன்!

லிஸ்பன் போய்ச் சேர்ந்தபோது அக்கா கிளம்பத் தயாராக இருந்தார். யாரிடமோ கெஞ்சி டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்தாராம். வார்டு வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இவ்வளவு தூரம்னு ஏன்க்கா அன்னைக்கே சொல்லலை?"

"சொன்னா, வேண்டாம்க்கா, வராதீங்கன்னு சொல்லிருப்ப" என்று சிரித்துவிட்டு ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி ஏறினார்.

சொல்லியிருப்பேனா?

...சத்தியமாக மாட்டேன்.