நான் சேர்த்த ஒரு கிழமை

அவர் மேடையேறிய நாட்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். என்ன கிழமை, எந்த இடம், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது, எங்கே சிரித்தார்கள், எங்கே எழுந்து போனார்கள், எல்லாம் அதில் இருக்கும். ஆவடியில் சீருடை தைக்கும் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீசில் ஓய்வு பெறும்வரை, மற்றவர்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்தவன் நான். வீட்டுக்கு வந்த பிறகும் கை சும்மா இருக்கவில்லை.

அவர் அதே தொழிற்சாலையில் தையல் பிரிவில் வேலை பார்த்த பெண்மணி. முதல் மேடை ஓர் ஆயுத பூஜை நாள். அன்று குடும்பத்தோடு உள்ளே விடுவார்கள். மெஷின்களுக்குப் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் கொடுத்து முடிந்த பிறகு, கூட வேலை செய்யும் பெண்கள் அவரைப் பிடித்து ஒரு ஸ்டூலில் ஏற்றிவிட்டார்கள். முதல் நாள் வேலையில் விரலில் ஊசி ஏற்றிக்கொண்ட ஒரு பெண்ணாகவும், அவளைத் திட்டும் சூப்பர்வைசராகவும், அழுகிறவளை டீக்கு அழைத்துப்போகும் தோழியாகவும் அவர் ஒருவரே பேசினார். பதினோரு நிமிடம். திட்டிய சூப்பர்வைசர் முன்வரிசையில் உட்கார்ந்து பொரி மென்றுகொண்டிருந்தார். பாதியிலேயே மெல்லுவதை நிறுத்திவிட்டார்.

சர்ச்சை அன்றே ஆரம்பம். நூம்பல் பள்ளி ஆண்டு விழாவில், சம்பள நாளன்று வீடு திரும்பும் ஓர் அப்பாவாகப் பேசினார். இரண்டு அப்பாக்கள் வெளிநடப்பு, அம்மாக்கள் கைதட்டல். அம்பத்தூரில் ஒரு கம்பெனி விழாவில், லேடீஸ் கழிப்பறைச் சாவியை இடுப்பில் முடிந்துவைத்திருக்கும் மேனேஜர். அந்தக் கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. ஆனால் கழிப்பறைப் பூட்டை எடுத்துவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். மேடையில் அவருக்குத் தேவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு மைக்கும் மட்டும்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வாழ்க்கையிலிருந்து கதை எடுத்தால், முதலில் கதைக்குரியவரின் வீட்டுக்கே போய், அந்த ஒருவருக்காக முழுவதையும் நடித்துக் காட்டுவார். அவர் தலையாட்டினால்தான் மேடை. தலையாட்டிய பிறகு ஒரு சொல் கூட மாறாது. அது யார் கதை என்பதை யாரிடமும் சொல்லமாட்டார், என்னிடமும்.

இனி பிரியாணி விஷயம்.

ஒரு பெண்ணின் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை இறந்துபோகிறார். கெட்டவர் இல்லை. வாரா வாரம் பூந்தமல்லியிலிருந்து சிக்கன் பிரியாணி பார்சல் வாங்கி வருவார். லெக் பீஸ் மட்டும் எப்போதும் அவருக்கு. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், அந்தப் பெண் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போகிறாள். ஒரு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொள்கிறாள். அதே கடையில் முதன்முறையாக நாற்காலியில் உட்கார்ந்து, லெக் பீஸ் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, வாய்விட்டுச் சிரிக்கிறாள். அழவும் செய்கிறாள். இதுதான் கதை.

சேக்காட்டில், அவர் குடியிருக்கும் நகரிலேயே, ஆடித் திருவிழா மேடையில் இதை முதலில் போட்டார். காலையில் கூழ் ஊற்றிய களைப்பில் கூட்டம் கொஞ்சம்தான். மல்லிகை வாங்கும் இடம் வந்தபோது, நலச்சங்கத் தலைவர் தன் கையாலேயே மைக் ஒயரைப் பிடுங்கினார்.

“இன்னாம்மா இது? கோயில் மேடைல வந்து இன்னா பேசிக்கினு கீற? புருசன் செத்த சூடு ஆறல, பூ வெச்சிக்கினு பிரியாணி துன்றாளாம். நம்ம ஏரியாவுல எவ கீறா இந்த மாதிரி?”

“கீறாங்க தலைவரே.”

“யாரு? பேர் சொல்லு.”

அவர் சொல்லவில்லை. சொன்னால் வழக்கு அங்கேயே முடிந்திருக்கும். நாற்காலியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நகரின் வாட்ஸப் குழுவில் மூன்று வாரம் வேறு பேச்சே இல்லை. ‘கதை கட்டி நம் பெண்களை அசிங்கப்படுத்துகிறார்’ என்று ஒரு கட்சி, ‘பாதியில் நிறுத்தியது தப்பு’ என்று இன்னொரு கட்சி. கடைசியில் சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது. சங்கத்துக் கூடத்தில் அவர் முழுவதையும் ஒருமுறை நடித்துக் காட்டலாம். முடிந்ததும் கைதூக்கச் சொல்வார்கள். அதிகம் பேர் எதிர்த்தால் அதே மேடையில் மன்னிப்புக் கேட்கவேண்டும். இந்தக் கதையை இனி எங்கேயும் போடக்கூடாது.

“ஒத்துக்கொள்ளாதீர்கள்” என்றேன்.

“ஒத்துக்கினேன் அண்ணாத்தே” என்றார். “நான் பொய்க்காரின்னு ஆயிட்டா, இனிமே எவ என்னை நம்பி ஊட்டுக் கதைய சொல்லுவா? இதோட போச்சு என் நாடகம்.”

அப்போதுதான் என் புத்தி வேலை செய்தது. நிறைய வரலாறு படித்தவன் என்ற நினைப்பு எனக்கு உண்டு. தேதி இல்லாத செய்தியை எவனும் நம்பமாட்டான், ஒரு கிழமையையாவது சொல்லுங்கள் என்றேன். ஞாயிறு இறப்பு. அதை முதல் நாளாக எண்ணினால் பதினாறாம் நாள் திங்கள். மறுநாள் செவ்வாய். ‘செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஏறினேன்’ என்று சேருங்கள்.

“தலையாட்டுன பின்னாடி ஒரு வார்த்தை சேக்கமாட்டேன். உனுக்குத் தெரியாதா?”

“இது வார்த்தை இல்லை, கணக்கு.”

இரண்டு நாள் நச்சரித்தேன். ஒத்துக்கொண்டார். அவர் தன் வழக்கத்தை மீறியது அந்த ஒருமுறைதான். மீறவைத்தவன் நான்.

ஆவணி, ஞாயிற்றுக்கிழமை. மாலை ஆறு மணி ஏழு நிமிடத்துக்குத் தொடங்கியது. கூடம் நிறைந்து வாசலிலும் ஆட்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். தலைவர் முன்வரிசையில் கை கட்டி உட்கார்ந்திருந்தார். யாரும் சிரிக்கவில்லை. பார்சல் பிரிக்கும் இடம் திருவிழா மேடையில் சிரிப்பு வந்த இடம். அதற்கும் இருமல் சத்தம்தான். என் நோட்டில் ‘எங்கே சிரித்தார்கள்’ என்ற இடம் அதுவரை வெறுமையாக இருந்தது.

கதையில் காரியம் முடிந்தது, வந்தவர்கள் போனார்கள். அவர் நாற்காலியிலிருந்து எழுந்து, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டார். “செவ்வாக்கெழம காலைல பஸ் ஏறுனேன்...”

“செவ்வா இல்லம்மா. புதன்.”

பெண்கள் பக்கம், மூன்றாவது வரிசை. குரல் சத்தமாகக்கூட இல்லை. பக்கத்து வீட்டுக்காரியின் கோலத்தில் விட்டுப்போன புள்ளியைக் காட்டுவது போலச் சொன்னார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். கூடத்தில் எல்லோருக்கும் தெரிந்தவர். தலைவரின் சொந்த அக்கா.

மேடையில் இருந்தவர் சட்டென்று என் பக்கம் பார்த்தார்.

“நாங்க, அவர எடுத்த ஞாயித்துக்கெழமைய உட்டுட்டுத்தான் எண்ணுவோம்” என்றபடி அந்த அம்மாள் எழுந்து நின்றார். “காரியமே செவ்வாக்கெழமதான். அன்னிக்கி பாய் கடையும் லீவு. செவ்வாக்கெழம போயிருந்தா பூட்டைத்தான் பாத்துக்கினு வந்திருப்பேன்.”



தலைவர் மெதுவாகத் திரும்பினார். “அக்கா... நீயா?”

“நாந்தான். இவ ஊட்டுக்கு வந்து எனுக்கு நடிச்சிக் காட்டிட்டுத்தான் மேடைக்கே போனா. அப்ப கெழமைய சொல்லல, இப்ப எவனோ தப்பா சொல்லிக் குடுத்துகீறான்.”

நான் நோட்டை மூடிக்கொண்டேன்.

“என்னாண்ட சொல்லியிருந்தா நானே கூட்டிக்கினு போயிருக்க மாட்டனா?” என்றார் தலைவர்.

“நீ கூட்டிக்கினு போயிருந்தா லெக் பீஸ நீ துன்னிருப்ப.”

முதல் சிரிப்பு பெண்கள் பக்கத்திலிருந்து வந்தது. பிறகு ஆண்கள் பக்கம். பிறகு வாசலில் நின்றவர்கள், உள்ளே என்ன சொன்னார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தாமதமாக ஒரு சுற்று. அந்த அம்மாள் உட்கார்ந்து, மேடையைப் பார்த்துக் கையசைத்தார்.

“நீ சொல்லும்மா. பூக்காரி வருவா இப்ப.”

அவர் முந்தானையை மறுபடி உதறிச் செருகினார். “புதங்கெழம காலைல பஸ் ஏறுனேன்” என்று ஆரம்பித்தார். அன்று அவர் நடித்ததைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முடிந்தபோது ஆறு மணி ஐம்பத்திரண்டு. கைதூக்கச் சொல்ல யாருக்கும் நினைவில்லை. எல்லாக் கைகளும் தட்டிக்கொண்டிருந்தன. தலைவர் கடைசிவரை தட்டவில்லை. குனிந்து, கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கீழே இறங்கி வந்ததும் அவர் முதலில் என்னிடம்தான் வந்தார். “இன்னா அண்ணாத்தே, கணக்கு?” என்றார். அதற்கு மேல் திட்டவில்லை. அந்த வாரமே இரண்டு பெண்கள் தங்கள் கதையைச் சொல்ல அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள் என்று மட்டும் பிறகு ஒருநாள் சொன்னார். யார் என்று நானும் கேட்கவில்லை.

இப்போது நகரத்துக்குள் பெரிய அரங்குகளில் எல்லாம் போடுகிறார். டிக்கெட் வாங்கி வருகிறார்கள். எதிர்த்து எழுதுகிறவர்களும் குறையவில்லை. போகும் வேனில் அந்த அம்மாளும் ஏறிக்கொள்கிறார். எங்கே போட்டாலும் மூன்றாவது வரிசைதான் கேட்கிறார். ‘புதங்கெழம’ என்ற சொல் வரும்போது மேடையில் இருப்பவர் ஒரு நொடி நின்று அந்தப் பக்கம் பார்ப்பார். அந்த அம்மாள் தலையாட்டுவார். அதன் பிறகுதான் பஸ் கிளம்பும்.