வைக்கோலில் எரிந்த அடுப்பு

என் மனைவிக்குப் புகை ஆகாது. வண்ணார்பேட்டை டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, விறகடுப்புப் பக்கமே இவள் போகக் கூடாது என்றார். சொல்லிவிட்டால் ஆச்சா? தொண்ணூறுகளில் சிலிண்டருக்கு எழுதிப்போட்டவன் வருஷக்கணக்கில் வாய் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மண்ணெண்ணெய் ஸ்டவ் வாசனைக்கே அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த சாண எரிவாயுத் தொட்டியை நம்பித்தான் அவள் மூச்சு இருந்தது.

உழவுக்கு டிராக்டர் வந்ததும் காளைகளை விற்ற புத்திசாலி நான். மிஞ்சிய ஒற்றைப் பசுவின் சாணத்துக்குக் காப்பி கொதிக்கும், சோறு வேகாது. அப்போது வேளாண்மை ஆபீஸில் இருந்த ஒருவர் வழி சொன்னார்.

"வைக்கோலை அப்படியே தொட்டியில போட்டா மிதக்கும் அண்ணாச்சி, கேஸ் வராது. முதல்ல நுண்ணுயிர் அதைத் தின்னு இளக்கணும்."

கார் பருவத்து நெல் அறுத்த வைக்கோல் மழையில் நனைந்து மாட்டுக்கும் ஆகாமல் கிடந்தது. அதைப் பொடியாக நறுக்கிக் குழியில் போட்டேன். அவர் கொடுத்த பூஞ்சாணப் பொடியையும் தொட்டியின் பழைய கரைசலையும் தெளித்துச் சாக்கால் மூடினேன்.

"வைக்கோலுக்கு ஊறுகாயா போடுதிய?" என்று அவள் சிரித்தாள்.

சில வாரங்களில் வைக்கோல் கைக்கு மெத்தென்று ஆனது. சாணத்தோடு கலந்து தொட்டியில் விட, பைய பைய அடுப்பு நீலமாக எரிந்தது. அவள் இருமாமல் சோறு வடித்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பொங்கலுக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடித்தோம். மிஞ்சின சுண்ணாம்பை எங்கள் பக்கத்தில் யாரும் வீணாக்க மாட்டார்கள். சாக்கடை ஓடுகிற வாறுகால், எருக்குழி என்று புழு நெளிகிற இடமாகப் பார்த்து ஊற்றிவிடுவார்கள். தன் அண்ணன் குடும்பம் வருகிறதே, வீட்டுக்குப் பின்னால் நாறக் கூடாதே என்று அவள் வைக்கோல் குழியில் ஊற்றியிருக்கிறாள். விடிகாலைப் பனியில் நான் அதையே அள்ளி அள்ளித் தொட்டியில் விட்டிருக்கிறேன்.

பொங்கல் முடிந்த கையோடு அடுப்பு அணைந்தது. ஆபீஸ்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். குழியைக் கிளறினார். அடியில் சுண்ணாம்பு கட்டி கட்டியாக இருந்தது.

"நுண்ணுயிர் பூரா செத்துட்டு அண்ணாச்சி. தொட்டியிலயும் அப்படித்தான். எல்லாம் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

எனக்குக் கோபம் சுள்ளென்று ஏறியது. அவர் போனதும், ஒரு கட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனேன். அவள் விறகை ஊதிக்கொண்டு இருந்தாள். கண்ணிலும் மூக்கிலும் நீர்.

"ஏன் கேஸ் வரல? ஆபீஸர் என்ன சொன்னாவ?"

"பனியாம்," என்றேன். கட்டியை வெளியே வந்து எறிந்தேன்.

புதிதாக வைக்கோல் ஊறப்போட்டேன். அக்கம்பக்கத்தில் சாணம் கேட்டுச் சுமந்தேன். வயலுக்குப் போகுமுன் நானே சோறு பொங்கி வைத்தேன். "இது சோறா, கஞ்சியா?" என்று கேலி செய்வாள். என் தலை மறைந்ததும் விறகடுப்பை மூட்டிவிடுவாள். சண்டை போட்டும் கேட்கவில்லை. தொட்டி உயிர் பிடிக்குமுன் மாசி பிறந்துவிட்டது. இழுப்பு முற்றி அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

அங்கே படுத்துக்கொண்டும் வீட்டு நினைப்புதான்.

"குழியில இப்ப புழு வச்சிருக்கும். அடுக்களை மூலையில கொஞ்சம் சுண்ணாம்பு கிடக்கு. கரைச்சு ஊத்திருங்க, என்ன? அதுக்குப் பொறவு கேஸ் நல்லா வரும்."

"நீ முதல்ல எந்திரிச்சு வாட்டி. பாத்துக்கிடலாம்," என்றேன்.

"மறந்துருவிய," என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் போய்விட்டாள். ஊற்றியாச்சு என்று சொல்லியிருக்கலாம். நிம்மதியாகக் கண்ணை மூடியிருப்பாள்.