கூடிய எடை

பிள்ளைகளை நிறுக்கும் நாளில் என் மகள் கவிஷாவின் எடை ஒரே மாதத்தில் இரண்டு கிலோ கூடியிருந்தது. மூன்றரை வயதுவரை வளர்ச்சி அட்டையின் கோட்டுக்குக் கீழேயே இருந்தவள். நான் பூரித்துப்போனேன். எடையைக் குறித்துக்கொண்ட மருத்துவ மாது மட்டும் சிரிக்கவில்லை.

"ரெண்டு கிலோவா? டொக்டர்கிட்ட ஒருக்கா காட்டிருங்க."

எனக்குக் கோபம் வந்தது. மெலிந்தாலும் குற்றம், தேறினாலும் குற்றமா? பக்கத்து வீட்டு அக்கா, "கன்னம் எப்புடி உப்பிருச்சு பாரு! கண்ணு பட்டுறப் போவுது" என்றதும் கன்னத்தில் பொட்டு வைத்துவிட்டேன். நான்கு நாட்களைப் போகவிட்டேன். ஐந்தாம் நாள் காலை அவளால் வீங்கிய இமைகளைத் திறக்க முடியவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கிட்டவுள்ள சிறிய ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு டொக்டர். கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டிய எட்டுப் பேர் அன்று அங்கே கிடந்தார்கள். அவர்களுக்கு ஊசி போட்டு, மூச்சுத் திணறிய ஒருவருக்கு ஒட்சிசன் வைத்துவிட்டு, கழுவிய ஈரக் கையோடு எங்களிடம் வந்தார். சிங்களப் பெண், வேலைக்கு வந்த இடத்தில் எங்கள் தமிழைப் பழகியவர். கவிஷாவின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

"அம்மா, இது சதை இல்ல. தண்ணி."

சிறுநீரைச் சோதனைக் குழாயில் சூடாக்கி, சில துளி வினிகர் விட்டுக் காட்டினார். முட்டை வெள்ளைக்கருவைப் போலத் திரண்டது. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரகத்தின் வடிகட்டி கசிந்து, உடம்புக்கு வேண்டிய புரதம் வெளியேறும் நோய்).

"கொணமாகுமா டொக்டர்?"

"நெறைய புள்ளைங்களுக்கு மருந்துல அடங்கும். திரும்பியும் வரும். கவனிக்காம விட்டா, கிருமி தொத்தினா, உசுருக்கே ஆபத்து. எனக்கு தெரியாதத பெரிய டொக்டர்கிட்ட கேக்குறேன்."

என் முன்னாலேயே நுவரெலியா பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் பேசினார். தனக்குத் தெரியாது என்று சொன்ன டொக்டரை அதுவரை நான் பார்த்ததில்லை. என் பயம் அங்கேதான் பாதியாகக் குறைந்தது.

நுவரெலியாவில் மூன்று கிழமை இருந்தோம். பிரெட்னிசலோன் (வடிகட்டியின் கசிவை அடக்கும் ஸ்டீரொயிட் மாத்திரை) கொடுத்தார்கள். வீக்கம் வடிந்ததும் ஒரு நிபந்தனையோடு அனுப்பினார்கள். தினமும் காலையில் வீட்டில் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். ஊர் டொக்டர் பொறுப்பேற்க வேண்டும். அவர் ஏற்றார். ஏற்றதில் பாதியை என் கையில் தந்தார்.

"நேர்சரி டீச்சர்தானே நீங்க? செஞ்சு காட்டுங்க பாப்பம்."

சூடாக்கும்போது குழாயின் வாயை என் பக்கமே பிடித்தேன்.

"ஐயோ அம்மா, மொதல்ல ஒங்க மூஞ்சிய காப்பாத்துங்க!"

மூன்று முறை செய்ய வைத்தார். தெளிவு, மங்கல், திரள் என்று கொப்பியில் எழுதச் சொன்னார். மூன்று நாள் தொடர்ந்து திரண்டால் உடனே வர வேண்டும்.

இரண்டு மாதம் தெளிவாகவே இருந்தது. பிறகு அவளுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிய நாளில் சிறுநீர் திரண்டது. கணவர் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மூஞ்சி நல்லாத்தானே இருக்கு? நீ வினிகர கூட ஊத்திருப்ப. பயந்து பயந்தே புள்ளய நோயாளி ஆக்கிருவ போல."

எனக்கும் அதே சந்தேகம்தான். புது வினிகர் போத்தல் வாங்கினேன். துளிகளை எண்ணி விட்டேன். மறுநாளும் திரள். மூன்றாம் நாள் கவிஷா துள்ளிக்கொண்டிருந்தாள். வீங்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் சிரிப்பார்களோ என்று யோசித்தபடியே பஸ் ஏறினேன்.

டொக்டர் தானும் ஒருமுறை சோதித்தார். நுவரெலியாவுக்குப் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"சரியா பாத்திருக்கீங்க. வீங்குறதுக்கு முந்தியே புடிச்சிட்டீங்க. இந்த தடவ இங்கயே வச்சு பாக்கலாம்."

உங்கள் பிள்ளைக்கும் இந்த நோய் இருந்தால், முகம் தெளிந்துவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நான் வீணாக்கிய நான்கு நாட்களை நீங்கள் வீணாக்காதீர்கள். உங்கள் கண் கண்டதைச் சொல்லப் பயப்படவும் வேண்டாம்.

இப்போது மாத்திரை ஒருநாள் விட்டு ஒருநாள். எங்கள் வீட்டில் திங்கள், செவ்வாய் எல்லாம் போய்விட்டன. மாத்திரை நாள், சும்மா நாள் என்று இரண்டே நாட்கள்தாம்.

"அம்மா, இன்னைக்கு சும்மா நாளா?" என்று கேட்டாள் இன்று காலை.

"சும்மா நாள்தான்."

செருப்பைக்கூடப் போடாமல் படிகளில் இறங்கி ஓடினாள். அவளுடைய கணுக்கால் எலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு தெரிந்தது. அதை ஆசைதீரப் பார்த்துக்கொண்டு நின்றேன்.