மூடினால் பூட்டாத கத்தி

அன்று பிணவறை வாசலில் இருந்தவர்கள் ஐந்து பேர். காவல் நிலையத்திலிருந்து வந்த ஏட்டு, பிணவறை ஊழியர், அவனுடைய மனைவி, அவனுடைய அண்ணன், அப்புறம் நான். அவன் என்று நான் சொல்வது கடலுக்குப் போய்த் திரும்பாத என் நண்பனை. அவனும் அன்று அங்கே இருந்தானா இல்லையா என்று சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

கார்த்திகை மழைக்கு நடுவில் தனியாகப் படகெடுத்துப் போனான். மறுநாள் படகு மட்டும் கவிழ்ந்த வாக்கில் கரை ஒதுங்கியது. இரண்டு வாரம் கழித்து, தெற்கே பொம்மையார்பாளையம் பக்கம் ஒரு உடல். முகத்தை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாத நிலை. பனியனும் கால்சட்டையும் கடலுக்குப் போகிற எல்லோரும் போடுகிறவைதான். கால்சட்டைப் பையில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. மரப்பிடி, கழுத்தில் ஒரு இரும்பு வளையம். அப்படி ஒரு கத்தியை நான் அவனுக்கு விற்றிருந்தேன். அதை அண்ணன் ஏட்டிடம் சொல்லியிருக்கிறார்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். வெயில் மாதங்களில் மரக்காணம் உப்பளத்தில் வேலை. மழை பிடித்துவிட்டால் பாத்தியெல்லாம் குளம்தான். அப்போது புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பழைய மடக்குக் கத்திகளைப் பொறுக்கி வந்து, துருவைத் துடைத்து, போனில் படம் பிடித்து, சேகரிக்கிறவர்களுக்கு விற்பேன். பழைய பிரெஞ்சு வீடுகளில் கிடந்த இந்த மரப்பிடிக் கத்திக்குத்தான் கிராக்கி. பார்க்க எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். ரொம்பப் பழையதில் வளையமே கிடையாது. அடுத்து வந்ததில் வளையம் உண்டு; கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும். ஆனால் மூடியிருக்கும்போது அந்த வளையம் திரும்பாது. இப்போது வருவதை மூடியும் பூட்டலாம். சந்தையில் புதியதைத் தேய்த்துப் பழையது என்று தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் எந்தக் கத்தியைக் கையில் எடுத்தாலும் முதலில் மூடி, வளையத்தைத் திருப்பிப் பார்ப்பேன். வாங்கிய பிறகும் பஸ்ஸில் வரும்போது எடுத்து எடுத்துப் பார்ப்பேன். ஏமாந்துவிட்டோமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. கத்தியில் மட்டும் இல்லை.

அவனுக்கு விற்றது நடுவில் வந்த ரகம். கடலுக்குக் கொண்டுபோகிறவனுக்கு அதை விற்க எனக்கு மனசே இல்லை. உப்புத்தண்ணி பட்டால் அலகு கறுத்துவிடும், பிடி ஊறிப்போனால் திறக்காது என்றெல்லாம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. கைக்கு அடக்கமாக இருக்கிறது என்றான். ஆயிரத்து ஐந்நூறு சொன்னேன், எண்ணூறு கொடுத்தான், மீதி அப்புறம் என்றான். மூடியபடியே வளையத்தைத் திருப்பப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஏன்டா, பூட்டே இல்லாத வீட்ட என் தலையில கட்டிட்டியேடா."

அதனால்தான் அதற்கு விலை என்றேன்.

"நல்ல வியாபாரம்டா உன்னுது. கொறை இருந்தா காசு கூடவா?"

அன்றிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் பூட்டுக்காரா என்றுதான் கூப்பிடுவான்.

பிணவறைக்குப் பக்கத்தில் ஒரு வாதாம் மரம். மனைவி அதற்குக் கீழே நின்றிருந்தாள். உள்ளே போய்ப் பார்க்க வேண்டாம் என்று அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். அண்ணன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். கண் சிவந்து கிடந்தது. அவன் தாயாரின் ரத்தம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறது, முடிவு வர மாதக்கணக்கில் ஆகும், அதுவரை உடலை வைத்திருக்க முடியாது என்றார் ஏட்டு. கத்தி அவனுடையதுதான் என்று உறுதியானால் அண்ணன் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போகலாம். இல்லை என்றால் அடையாளம் தெரியாதவர் என்று எழுதி அவர்களே புதைத்துவிடுவார்கள்.

ஏட்டு கத்தியை எடுத்துவர உள்ளே போனபோது அண்ணன் என் கையைப் பிடித்தார்.

"ஏம்பா, உடம்பு இருந்தாதான் நிவாரணம். இல்லன்னா ஏழு வருஷத்துக்குக் காணாமப்போனவன்னுதான் எழுதுவாங்க. ரெண்டு புள்ளைங்க இருக்குது. அதுதான்னு சொல்லிடுப்பா. எனக்குப் பாத்தா அவன்தான்."

அவர் பேராசைக்காரர் இல்லை. படகுக் கடனுக்கு அவர்தான் ஜாமீன். தம்பி பிள்ளைகளுக்கும் அவர் வீட்டில்தான் சோறு. நான் தலையாட்டினேனா என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. ஆட்டியிருக்கலாம்.

கத்தி ஒரு பிளாஸ்டிக் கவரில் இருந்தது. தொடக்கூடாது என்றார் ஏட்டு. வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். மரம் ஊறிக் கறுத்து, வளையத்தில் துரு பூத்திருந்தது. அந்த வளையத்தில் ஒரு பிளவு இருக்கும். பிடியில் அலகு போய்ப் படுக்கிற காடிக்கு நேராக அது நின்றால் பூட்டவில்லை என்று அர்த்தம். இதில் பிளவு நன்றாக விலகி நின்றது. கத்தி மூடியிருந்தது, மூடியபடியே பூட்டியிருந்தது. அவனுடையது அப்படிப் பூட்டாது.

சொல்வதற்கு முன்னால் இன்னொன்று ஞாபகம் வந்தது. ஐப்பசியில் அவன் என்னிடம் வந்திருந்தான். கத்தி பையிலேயே திறந்து தொடையில் குத்திவிட்டது, மூடினால் பூட்டுகிற வளையமாக மாற்றிக் கொடு என்றான். அது இதில் பொருந்தாது, புதுசு சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது, வேண்டுமானால் போய் வாங்கிக்கொள் என்றேன். வாங்கினானா என்று எனக்குத் தெரியாது. இதை ஏட்டிடம் சொன்னேன். அவர் நோட்டைத் திறந்தார்.

"அதெல்லாம் எழுத முடியாதுப்பா. நீ வித்தது இதுவா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

அண்ணன் என்னைப் பார்த்தார். மரத்தடியிலிருந்து அவளும் பார்த்தாள்.

"இது இல்ல சார்."

ஏட்டு எழுதிக்கொண்டார். ஊழியர் கவரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டும் என்றாள். காலையிலிருந்து பல்லில் தண்ணீர் படவில்லையாம். பாட்டில் முழுவதையும் குடித்தாள். நான் கத்தியைப் பற்றித்தான் சொன்னேன். அவள் ஆளைப் பற்றிச் சொன்னதாக எடுத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணன் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார். கீழ்புத்துப்பட்டு தாண்டியதும் திரும்பாமலே சொன்னார்.

"ஒரு வளையத்தப் பாத்துட்டு ஏழு வருஷத்த முடிவு பண்ணிட்டியேப்பா."

தை மாதத்தில் அவர் தம்பியின் பாக்கிகளை அடைக்கத் தொடங்கினார். இருப்பது போதாமல் கைமாற்று வாங்கி அடைத்தார். வலைக்கடை, இன்ஜின் மெக்கானிக், அப்புறம் நான். செத்தவன் கடன் நிற்கக்கூடாது என்பது அவர் எண்ணம். என் முகத்தைப் பார்க்காமல் பணத்தை நீட்டினார். என்னால் வாங்க முடியவில்லை. சட்டைப் பையில் திருப்பி வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள், மழை விட்ட உப்பளத்தில் பாத்தித் தரையை மிதித்துக் கெட்டியாக்கிக்கொண்டிருந்தோம். வரப்பு மேல் அவள் வந்து நின்றாள். சேற்றுக் காலோடு ஏறிப் போனேன். பணம் வாங்கினீங்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் மனசில் வைத்துக்கொள்ள முடியாமல் ஐப்பசியில் அவன் வந்து கேட்டது, நான் சந்தைக்குப் போகச் சொன்னது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். புதுசு ஒன்று வாங்கியிருந்தால் அந்தக் கத்தி அவனுடையதாகவும் இருக்கலாம் என்றேன். அவள் முகம் மாறவே இல்லை.

"ஒண்ணுக்கே பாக்கி வச்சிருக்கிறாரு. ரெண்டாவது வாங்குவாராண்ணா?"

வாங்குகிறவன்தான் அவன். அவளுக்கும் அது தெரியும்.

"யாரு குடுத்தாலும் அந்தக் காச வாங்காதீங்க. அவரு வந்து குடுப்பாரு."

சோதனை முடிவு இன்னும் வரவில்லை. போன் அடித்தால் அதுவாக இருக்குமோ என்று எடுக்கவே பயமாக இருக்கிறது. சந்தையில் இப்போதும் கத்திகளை மூடித் திருப்பித்தான் பார்க்கிறேன். பூட்டிக்கொள்கிறதை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறேன். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. அவள் மட்டும் கடைத்தெருவில் பார்த்தால், பாக்கி அப்படியே இருக்குதில்ல அண்ணா என்று கேட்கிறாள். இருக்குதும்மா என்கிறேன். அவன் எனக்குத் தர வேண்டியது எழுநூறு ரூபாய்.