மஞ்சள் மாப்

தனபாக்கியம் அக்கா எங்கள் ஆஸ்பத்திரியில் ஏழு தடவை வேலைக்குச் சேர்ந்தவர். ஒரு தடவைகூட வேலையை விட்டவரில்லை.

குறைமாதக் குழந்தைகள் வார்டை இருபத்து நாலு வருஷமாகத் துடைத்தார். அவர் மாறவில்லை, கண்டிராக் கம்பெனிதான் மூன்று நாலு வருஷத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு கம்பெனி வரும்போதும் ஒரு புதுச் சட்டையும் ஒரு கடிதமும் கொடுப்பார்கள். இன்றிலிருந்து நீ புது ஆள், மூன்று மாதம் சோதனைக் காலம் என்று அதில் இருக்கும். பச்சைச் சட்டையில் மகளைப் பெற்றார். ஆரஞ்சுச் சட்டையில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். கூட வேலை செய்த எனக்கே கோபம் தலைக்கேறும். அவர் மட்டும், "கடுதாசிதானே, கையெழுத்துப் போட்டுத் தொலை. கொழந்தைங்க பெட்டி அப்படியேதான இருக்கு" என்பார். காலையில் வந்ததும் கண்ணாடிப் பெட்டிகளில் மாட்டியிருக்கும் எடை அட்டைகளைத்தான் முதலில் பார்ப்பார். "ஆறாம் நம்பர் ஒரு கிலோ தாண்டிட்டான்டி!" என்று சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவார்.

ஏழாவது கம்பெனி, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு முதலாளியுடையது. அதற்கு முன் அவர் செய்தது ரோட்டோர விளம்பரப் பலகைத் தொழில். ஆஸ்பத்திரி துடைத்த அனுபவம் அவருக்கும் இல்லை, அவர் வீட்டுப் பூனைக்கும் இல்லை. மேலிடத்து மச்சான் ஒருவரோடு சனிக்கிழமை தவறாமல் கோல்ஃப் ஆடிய அனுபவம் இருந்தது. ஒழுங்காகச் செய்துகொண்டிருந்த பழைய கம்பெனியைத் தள்ளிவிட்டு இவரைக் கொண்டுவர அது போதுமானதாக இருந்தது. அரசாங்கத்திடம் ஒரு பெரிய கம்பெனி கண்டிராக்கை எடுத்து, காசில் ஒரு கடி கடித்து, இவரிடம் தள்ளியது. இவரும் கடித்துவிட்டு எங்களிடம் தள்ளினார். எங்கள் கைக்கு வந்தபோது வாளியும் தண்ணீரும்தான் மிஞ்சியிருந்தன.

எங்கள் வேலையில் மாப்புக்கு நிறம் உண்டு. கழிவறைக்குச் சிவப்பு, நடைபாதைக்கு நீலம், சமையல்கட்டுக்குப் பச்சை, குழந்தைகள் வார்டுக்கு மஞ்சள். ஒன்று இன்னொன்றின் இடத்துக்குப் போகவே கூடாது. டத்தோ வந்த மூன்றாவது வாரம் ஒரு மூட்டை வந்தது. பிரித்தால் எல்லாம் வெள்ளை. ஒரே தொட்டியில் போட்டு அலசி ஒரே கொடியில் காயப்போட்டார்கள். நேற்றுக் கழிவறையில் கிடந்தது எது, இன்று குழந்தைகளிடம் போவது எது என்று சாமி வந்து சொன்னால்தான் உண்டு.

அக்கா சூப்பர்வைசர் ஷாரிலிடம் போனார். அவன் சிரித்தான்.

"மாப்னா மாப்தான் ஆண்ட்டி. மருந்துத் தண்ணில முக்குறோம்ல, கிருமி செத்துடும்லா."

"அப்படியா தம்பி? ஒங்க வீட்டு கக்கூஸ் தொடச்ச மாப்ப மருந்துத் தண்ணில முக்கி, ஒங்க சாப்பாட்டு மேசயத் தொடச்சு அதுல நாசி லெமாக் சாப்டுட்டு வா. அப்புறம் நானும் இங்க தொடைக்கிறேன்."

அக்கா அடுத்து சிஸ்டரிடம் போனார். வார்டு சிஸ்டர் ஹஸ்னா நல்ல மனுஷி. ஆனால் கை கட்டிப்போட்ட மனுஷி.

"மூணு லெட்டர் எழுதிட்டேன் தனம். ஒண்ணுக்கும் பதில் இல்ல. கம்பெனிய மாத்துறது என் கையிலயா இருக்கு?"

"கம்பெனிய நீங்க மாத்த வேணாம் சிஸ்டர். மாப்ப நான் மாத்திக்கிறேன்."

கடையில் ஒரு மஞ்சள் மாப் வாங்கிவிடலாமே என்று நான் சொன்னேன். என் மேல் எரிந்து விழுந்தார். "அவன் வாங்க வேண்டியத நான் எதுக்குடி வாங்கணும்? இன்னிக்கு மாப்பு வாங்குனா நாளைக்கு மருந்தும் நீயே வாங்குன்னுவான்." மூட்டையிலிருந்து புதிதாக இரண்டை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோய், மஞ்சள்தூள் போட்டுக் கொதிக்கவைத்து, காயவைத்துக் கொண்டுவந்தார். பளிச்சென்ற மஞ்சள். இனி எவனும் இதைக் கழிவறைக்குத் தூக்கிப் போக முடியாது என்று அவருக்கு ஒரே பெருமை.

தெருவில் எந்தக் கல்யாணம் என்றாலும் ஆரத்தி கரைப்பது அவர்தான். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் தரை கழுவும் மருந்தும் அதே வேலையைச் செய்யும் என்று அந்தப் புத்திசாலிக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கும் தோன்றவில்லை. குழந்தைகள் வார்டின் உள்கோடியிலிருந்து லிஃப்டுக்கு எதிரே இருந்த வாசல் வரைக்கும் ரத்தச் சிவப்பில் கோடு கோடாக இழுத்து வைத்தோம். திரும்பிப் பார்த்தபோது லிஃப்ட் திறந்தது. உள்ளே டத்தோ, சுகாதார அமைச்சின் டாக்டரம்மா, பின்னால் நாலு பேர். அன்றைக்குத்தான் அவர்கள் மேற்பார்வைக்கு வரும் நாள்.

"ரத்தம்!" என்று டத்தோ ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஷாரில் ஓடிவந்தான். "இந்த ஆண்ட்டிதான் டத்தோ! என்னத்தயோ கலந்துட்டாங்க!"

அக்கா மாப்பைக் கீழே வைக்கவில்லை. "ரத்தம் இல்ல டத்தோ, சமையல் மஞ்சள். தப்பு என்னுதுதான், சாயம் ஓடும்னு தெரியல. நானே கழுவி விட்டுர்றேன். ஆனா மஞ்சள் மாப் குடுக்காத தப்பு யாருது? கக்கூஸ் மாப்பக் கொண்டுபோய் முக்கா கிலோ கொழந்தை பக்கத்துல போடச் சொல்றீங்க. நான் போட மாட்டேன். வேற யாரயும் போடவும் விட மாட்டேன்."

டாக்டரம்மா டத்தோவைப் பார்த்தார். "கலர் மாப் வாங்குறோம்னு கண்டிராக்ல எழுதியிருக்கீங்களே?"

"ஸ்டாக் வழியில இருக்கு டாக்டர்."

"எந்த வழியில டத்தோ?" என்றார் அக்கா. "ரெண்டு மாசமா வருது, நடந்தா வருது?"

பின்னால் நின்ற சிஸ்டர் ஹஸ்னா தன் மூன்று லெட்டர்களின் நகலையும் எடுத்து டாக்டரம்மாவிடம் நீட்டினார். அந்தத் தைரியம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றைக்கும் வியப்புதான்.

நாலே நாளில் நாலு நிறத்திலும் மாப் வந்து இறங்கியது. ஐந்தாம் நாள் அக்காவுக்குக் கடிதம் வந்தது. சோதனைக் காலத்தில் அவர் வேலை திருப்தியாக இல்லையாம், நாளை முதல் வர வேண்டாமாம். இருபத்து நாலு வருஷம் துடைத்தவருக்குச் சோதனைக் காலம்! அந்தக் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டியது நான்தான்.

டத்தோவின் ஆள் வீட்டுக்கே வந்து பேசினான். அறியாமையால் தவறு செய்தேன், மன்னிக்கவும் என்று எழுதிக் கொடுத்தால் மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். புது ஆளாகத்தான்.

"எட்டாவது வாட்டி புதுசா?" அக்கா அவனுக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி வைத்தார். "குடிச்சுட்டுக் கெளம்பு. எழுதுறதா இருந்தா தொழிலாளர் இலாகாவுக்குத்தான் எழுதுவேன்."

எழுதினார். விசாரணை அன்று லீவு போட்டுவிட்டுப் பதினோரு பேர் போனோம். எங்கள் வார்டு நர்ஸ், மிஸ்ஸி மஸ்துராவும் யாரிடமும் சொல்லாமல் வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கம்பெனி வக்கீல் வாசித்தார்: "சேவைக் காலம் இரண்டு மாதம் பதினெட்டு நாள்."

அதிகாரி தலை நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். "இது சரியா புவான்?"

அக்கா எழுந்து பின்னால் கையைக் காட்டினார். "அந்த மிஸ்ஸிய எழுந்திரிக்கச் சொல்லுங்க சார். எங்க வார்டுலதான் பொறந்தா, தொள்ளாயிரம் கிராம், நாலாம் நம்பர் பெட்டி. அந்தப் பெட்டிக்கு அடியில தொடச்சது நான்தான், அவ அம்மாவக் கேளுங்க. இப்ப அவளுக்கு இருபத்தி மூணு வயசு, அதே வார்டுல ஊசி போடுறா. அந்த இருபத்தி மூணு வருஷத்துல ரெண்டு மாசம் பதினெட்டு நாள்தான் நான் தொடச்சேன்னா, மிச்சத்த யாரு தொடச்சான்னு அந்த வக்கீலச் சொல்லச் சொல்லுங்க."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். மஸ்துரா எழுந்து நின்றாள். அதிகாரி உட்காரச் சொல்லியும் அவள் உட்காரவில்லை.