ஏழு நீலத் துண்டுகள்

படகின் முனையில் முழங்காலிட்டு ஸ்ரனிஸ்லாஸ் அண்ணை எண்ணிக்கொண்டிருக்கிறார். நங்கூரக் கயிறு அவருடைய கைகளுக்குள்ளால் தண்ணீருக்குள் போகிறது. ஐந்து மீற்றருக்கு ஒன்றாக அதில் நீலத் துணித்துண்டுகள் கட்டியிருக்கின்றன. முதியோர் இல்லத்தில் போட்டுத் தேய்ந்த வேலைச்சட்டையைக் கிழித்துக் கட்டியவை. "மூண்டு... நாலு... பொறுங்கோ தம்பி, கதைக்காதேங்கோ." நான் கதைக்கவேயில்லை. வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்ற நிலையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது துண்டும் போன பிறகுதான் கயிற்றைக் கட்டினார். பின்னுக்கு வந்து இயந்திரத்தைக் கொஞ்சம் பின்னோக்கி ஓடவிட்டார். உடனே திரும்பவும் முன்னுக்குப் போய்க் கயிற்றில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு குந்தியிருந்தார். நங்கூரம் சேற்றில் பிடிக்காவிட்டால் கயிறு நடுங்குமாம். பிடித்துவிட்டால் இறுகிப்போய்ச் சும்மா நிற்குமாம். "கண் பொய் சொல்லும், கை சொல்லாது" என்றார். பிறகு கரையில் மூன்று அடையாளங்களைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதினார்: வெள்ளைத் தேவாலயக் கோபுரம், சிவப்புக் கூரை வீடு, ஒரு கொடிக்கம்பம். மூன்றும் இருந்த இடத்தில் இருந்தால் நாங்களும் இருந்த இடத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம்.

இடம் டென்மார்க்கின் க்னேபல் குடா. ஒடுங்கிய வாயால் உள்ளே வந்தால் நாலு பக்கமும் மொல்ஸ் மலைகள். மலை என்று டெனிஷ்காரர் சொல்கிறார்கள், நான் மறுத்துப் பேசவில்லை. ஆக உயர்ந்தது நூற்று முப்பத்தேழு மீற்றர். ஆனாலும் காற்றை மறிக்க அது போதும். வெளியே அலை துள்ளிக்கொண்டிருந்தது, உள்ளே தண்ணீர் தட்டில் ஊற்றி வைத்த மாதிரிக் கிடந்தது. எனக்கும் வயிறு ஒரு மாதிரி இருப்புக்கு வந்தது. நான் இருக்கிற ஒடென்சே நகரில் குழாயில் வருகிற தண்ணீரே எனக்குப் போதும் என்று நினைப்பவன் நான். பத்திரிகைக்கு எழுத வேண்டும் என்பதற்காக ஏறியவன்.

அண்ணைக்கு அறுபது வயது. ரண்டர்ஸில் ஒரு முதியோர் இல்லத்தில் இருபத்தாறு வருடமாக இரவு வேலை. மன்னார் ஆள் என்றவுடன் எல்லாரும் கேட்கிற கேள்வியை நானும் கேட்டேன்: மீன்பிடிக் குடும்பமோ? "சும்மா போங்கோ. எங்கடை அப்பு தபால்காரர். எனக்கு வலையும் தெரியாது, வள்ளமும் தெரியாது" என்றார். இல்லத்தில் கூட வேலை செய்த ஒரு டெனிஷ்காரர்தான் பாய்மரம் பழக்கினார். இருபத்தேழு அடி நீளமான இந்தப் பழைய படகையும் அண்ணை அவரிடமே வாங்கினார். அதன் பெயர் கிரேத்த. பெயரை மாற்றவில்லை. உள்ளே சமையல் அடுப்புக்கு மேல் மடு மாதா படம் ஒன்று ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஏன் வாங்கினார் என்பதை அவர் ஒளிக்கவில்லை. தொண்ணூறாம் ஆண்டு சண்டைக்குத் தப்பி, மன்னார்ப் பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடினவர்கள் அவரும் மனைவி றோஸும். கலியாணம் முடித்து நான்கு மாதம். இருட்டில், அளவுக்கு மீறி ஆட்கள் ஏறிய படகு. நடுவழியில் றோஸ் "காலுக்குள்ளை நனையுது" என்றிருக்கிறார். அண்ணை பிஸ்கற் ரின்னால் தண்ணீர் இறைத்துக்கொண்டே "ஒண்டுமில்லை, படும்" என்று அவரைப் படுக்கச் சொல்லியிருக்கிறார். கரை சேர்ந்துவிட்டார்கள். ஆனால் அதற்குப் பிறகு றோஸுக்குக் குளிக்கிற தொட்டியென்றாலும் பயம். "கடலுக்கு மேலை ஒரு ராவு பயமில்லாமல் நித்திரை கொள்ளலாம் எண்டு அவவுக்குக் காட்ட வேணும். அதுக்குத்தான் வாங்கினனான் தம்பி."

ஆறு கோடை கெஞ்சி, நான்கு கோடைக்கு முன் ஒரு சனிக்கிழமை றோஸ் வந்தார். இதே குடா. அன்றைக்குப் பக்கத்தில் ஒரு டெனிஷ் தம்பதியின் படகு நின்றது. நங்கூரத்தில் நிற்கிற படகு காற்றுக்குச் சுற்றும், கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு வட்டம். நீளமாக விட்டால் தங்கள் படகு சுற்றி அவர்களுக்குக் கிட்டப் போய்விடுமோ என்று அண்ணைக்குக் கூச்சம். ஏழு துண்டு விட வேண்டிய இடத்தில் இரண்டே துண்டு விட்டார். "மற்றாக்களின்ரை இடத்திலை நிக்கப்படாது எண்டுதானே இஞ்சை வந்த நாள்தொட்டு இருந்தனாங்கள். பஸ்ஸிலையும் அப்பிடி, வேலையிலையும் அப்பிடி." கயிறு கட்டையாக இருந்தால் நங்கூரம் சேற்றில் கொளுவாது, மேலே கிளம்பிவிடும், படகு காற்றோடு இழுபடும். இது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

இரவு காற்று மாறியது. றோஸ் இரண்டு தரம் கேட்டாராம்: "இஞ்சேருங்கோ, இழுபடுதோ?" அண்ணை படுக்கையை விட்டு எழும்பவில்லை. போர்வைக்குள் இருந்தபடியே இரண்டு தரமும் சொன்னார், "ஒண்டுமில்லை, படும்."

மூன்றாம் தரம் கேட்க வேண்டியிருக்கவில்லை. யாருக்கு இடைஞ்சல் கொடுக்கக்கூடாது என்று கயிற்றைக் குறைத்தாரோ, அந்த டெனிஷ்காரரின் படகிலேயே போய் முட்டினார்கள். அந்த மனிதர் உள்ளுடுப்போடு வெளியே வந்து சிரித்துக்கொண்டே தள்ளிவிட்டார். விடிய அழைத்துக் கோப்பியும் கொடுத்தார். படகில் ஒரு கீறல்கூட இல்லை. றோஸ் மட்டும் மிதவை அங்கியை மாட்டி, சப்பாத்தும் போட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை குந்தியிருந்தார். சண்டை பிடிக்கவில்லை. "அண்டைக்கும் ஒண்டுமில்லை எண்டுதான் சொன்னனீங்கள்" என்றார். அன்றோடு சரி, படகில் கால் வைக்கவில்லை.

"பிழை கயித்திலை இல்லைத் தம்பி" என்றார் அண்ணை. நாங்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். "என்ரை வேலை என்ன? மணி அடிச்சால் எழும்பிப் போய்ப் பாக்கிறது. சும்மா அடிக்கிற கிழவிக்கும் போய்ப் பாத்திட்டுத்தான் மறுமொழி சொல்லுவன். இருபத்தாறு வருசம் ஒருத்தருக்கும் படுத்துக்கொண்டு மறுமொழி சொல்லேல்லை. சொந்த மனிசிக்குச் சொன்னனான்." எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, கோபமும் வந்தது. எட்டி ஒருக்கால் பார்த்திருக்கலாமே, மனிதா என்று மனதுக்குள் ஏசினேன். என் மனைவியிடம் நான் எத்தனை தரம் அப்படிச் சொல்லியிருப்பேன் என்று பிறகுதான் யோசித்தேன்.

யோகட் வாளியொன்றில் புட்டும், இன்னொன்றில் மீன்குழம்பும் இருந்தன. றோஸ் கட்டிக் கொடுத்தவை. நாங்கள் இரண்டு பேர், மூன்று பேருக்குக் காணும் அளவு. "கோவத்திலை இருந்தால் எனக்குச் சுகம். அவ விடிய எழும்பிப் புட்டு அவிச்சுத் தாறா" என்றார். புட்டை வழித்துச் சாப்பிட்டு, வாளியைக் கழுவி, துடைத்து, மூடி போட்டு வைத்தார். கழுவாமல் கொண்டுபோனால் றோஸ் ஒன்றும் சொல்ல மாட்டாராம். அதுதான் கூடாதாம்.

செப்ரெம்பர் கடைசியில் படகு கைமாறுகிறது. முழங்கால் இனித் தாங்காது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். "விற்றுவிடுங்கள் அப்பா" என்று மகள் ஸ்ரெபானி எத்தனையோ நாளாக டெனிஷில் சொல்லிக்கொண்டிருந்தாள். இன்னும் மூன்று சனிக்கிழமை இருக்கிறது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் கேட்கிறார், "நாளைக்கு வாறீரோ?" றோஸ் "பாப்பம்" என்கிறார். இந்த மனிதருக்கு இனி வேண்டியது அந்த ஒரு இரவுதான். கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. அவரும் நினைக்கவில்லை என்றுதான் தோன்றியது. இரண்டாவது படுக்கைக்கு மட்டும் புது உறை போட்டு வைத்திருந்தார், அதில் என்னைப் படுக்க விடவில்லை.

இருட்டத் தொடங்க நங்கூர விளக்கை ஏற்றினார். அந்த நேரம் தொலைபேசி அடித்தது. அந்தப் பக்கத்து அடுப்படிச் சத்தத்துக்கு நடுவில் றோஸின் குரல் எனக்கும் கேட்டது. "சாப்பிட்டனீங்களோ? தம்பிக்குப் புட்டுக் காணுமோ?" அண்ணை "ஓம், ஓம்" என்றார். பிறகு றோஸ் கேட்டார்: "இழுபடுதோ?"

நான் இருந்த இடத்திலிருந்தே கோபுரம் தெரிந்தது, சிவப்புக் கூரை தெரிந்தது. தண்ணீர் அசையவேயில்லை. நானென்றால் அப்போதே "ஒண்டுமில்லை" என்று சொல்லியிருப்பேன். அண்ணை "பொறும்" என்று மட்டும் சொல்லி, தொலைபேசியைக் கையில் பிடித்தபடியே, நோகிற முழங்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து முன்னுக்குப் போனார். முனையில் குந்தி, மற்றக் கையின் உள்ளங்கையைக் கயிற்றில் வைத்தார். அந்தப் பக்கத்தில் றோஸ் பொறுத்துக்கொண்டிருந்தார். அண்ணை இன்னும் கையை எடுக்கவில்லை.